ஜெனரிக் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸில் ரிஃப்ளெக்ஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, பர்கூர், தர்மபுரி பக்கத்துக் கல்லூரிகளில் கணினி படிப்பவர்களும், ஓசூர் தாண்டிப் பெங்களூருக்குத் தினமும் பஸ் பிடிக்கிற இளம் நிரலாளர்களும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் பெரும்பாலும் ஜாவாவைப் பற்றியவை. சி ஷார்ப் எங்கே வேறு வழியில் போகிறதோ அங்கே அதையும் சொல்லியிருக்கிறேன்.

எல்லா விடைகளுக்கும் ஒரே எடுத்துக்காட்டுதான். நம் வட்டாரத்து வியாபாரிகளுக்கு ஒரு கொள்முதல் கணக்கு மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கூழ் ஆலைக்குப் போகும் தோத்தாபுரி மாங்காய், புளி, பட்டுக்கூடு என்று மூன்று சரக்கு. மாங்காய்க்கு டன் கணக்கில் விலை, அடிபட்ட காய்க்குக் கழிவு. புளி என்றால் கொட்டை எடுத்ததா, எடுக்காததா என்று பார்க்க வேண்டும். பட்டுக்கூட்டுக்கு ஏலத்தில் கிலோவுக்கு என்ன விழுந்ததோ அதுதான் விலை. நிரலின் எலும்புக்கூடு இது:

அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் கொள்முதல்<ச>
    அப்ஸ்ட்ராக்ட் டபுள் விலை(ச சரக்கு)

கிளாஸ் மாங்காய்க்கொள்முதல் எக்ஸ்டெண்ட்ஸ் கொள்முதல்<மாங்காய்>
கிளாஸ் புளிக்கொள்முதல் எக்ஸ்டெண்ட்ஸ் கொள்முதல்<புளி>
கிளாஸ் கூடுக்கொள்முதல் எக்ஸ்டெண்ட்ஸ் கொள்முதல்<பட்டுக்கூடு>

கிளாஸ் பெயர்களைத் தமிழில் வைத்திருப்பது விளையாட்டுக்காக அல்ல. ஜாவாவும் சி ஷார்ப்பும் தமிழ் எழுத்துப் பெயர்களை, புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றோடும் ஏற்றுக்கொள்ளும். மொழியின் சொந்தச் சொற்களைத்தான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும்.


இதில் அப்ஸ்ட்ராக்ட் எதற்கு, ஜெனரிக் எதற்கு? ஒன்று போதாதா?

இரண்டும் இரண்டு வேலை. எடைச் சீட்டு எண் போடுவது, தேதி பதிவது, வியாபாரி கணக்கில் ஏற்றுவது போன்றவை எல்லாச் சரக்குக்கும் பொது. அவை கொள்முதல் என்ற தாய் கிளாஸில் ஒரு முறை எழுதப்படுகின்றன. விலை போடுவது மட்டும் சரக்குக்குச் சரக்கு மாறும். அதை வெற்றிடமாக விட்டு, அதை நீட்டிக்கும் (எக்ஸ்டெண்ட்ஸ்) மாங்காய்க்கொள்முதல் போன்ற பிள்ளை கிளாஸ் நிரப்பட்டும் என்று கட்டாயப்படுத்துவது அப்ஸ்ட்ராக்ட். மாங்காய் விலை போடும் இடத்தில் யாராவது புளியைக் கொடுத்தால் நிரலை ஓட்டும் முன்பே சரிபார்க்கும் கம்பைலரே தடுக்க வேண்டும் என்பதற்காக ஜெனரிக். ச என்ற எழுத்து சரக்கின் டைப்புக்கு இடம் பிடித்து நிற்கிறது; பிள்ளை கிளாஸ் அங்கே மாங்காய் என்றோ புளி என்றோ நிரப்புகிறது.


ரிஃப்ளெக்ஷன் இதில் எங்கே நுழைகிறது?

நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் கிளாஸ்களின் பெயர், மெத்தட், கன்ஸ்ட்ரக்டர், தாய் யார் என்பதையெல்லாம் விசாரிக்கும் வசதிதான் ரிஃப்ளெக்ஷன். ஜாவாவில் இது 1997இல் வந்த 1.1 பதிப்பிலிருந்தே இருக்கிறது.

நம் மென்பொருளில் அதன் தேவை இப்படி எழும். எடைமேடையிலிருந்து ஒரு பதிவு வருகிறது, அது புளி. எந்தக் கொள்முதல் கிளாஸ் புளியைக் கையாளும் என்று நிரல் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். நாளைக்கு ஒருவர் ராகியைச் சேர்க்கச் சொன்னால் ராகிக்கொள்முதல் என்று புதிய கிளாஸ் ஒன்றை எழுதிப் போட்டால் போதும், பழைய நிரலில் கை வைக்கக் கூடாது. அதற்கு ஒவ்வொரு பிள்ளையிடமும் “உன் கோணல் அடைப்புக்குள் இருக்கும் சரக்கு எது?” என்று கேட்டாக வேண்டும். இந்தப் பக்கத்தின் முக்கால்வாசி அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.


ஓடும்போது ஜாவா ஜெனரிக் டைப்பை அழித்துவிடுகிறது என்று படித்திருக்கிறோமே. அழிந்ததை எப்படிக் கேட்பது?

பாடப்புத்தகங்கள் பாதியைத்தான் சொல்கின்றன. ஆப்ஜெக்ட்டில் அழிகிறது, அறிவிப்பில் அழிவதில்லை.

முதலில் அழிவதைப் பாருங்கள். மாங்காய் வைக்க ஓர் அர்ரேலிஸ்ட், புளி வைக்க இன்னோர் அர்ரேலிஸ்ட் உருவாக்கி, இரண்டிடமும் கெட்கிளாஸ் கேட்டு ஒப்பிட்டால் ட்ரூ என்றுதான் வரும். இரண்டும் வெறும் அர்ரேலிஸ்ட். எதற்காக உருவாக்கப்பட்டது என்ற குறிப்பு எந்த ஆப்ஜெக்ட்டிலும் இல்லை. ஜெனரிக் வந்தது ஜாவா 5 பதிப்பில், 2004இல். கிருஷ்ணகிரி தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆன அதே ஆண்டு. அதற்குள் ஜெனரிக் இல்லாத ஜாவா நிரல்கள் உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தன. பழைய நிரலும் புதிய நிரலும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பதால், சரிபார்ப்பைக் கம்பைலரோடு முடித்துக்கொண்டு, ஓடும்போது பழைய வடிவத்திலேயே விட்டுவிட்டார்கள்.

அழியாதது இது. மாங்காய்க்கொள்முதல் எக்ஸ்டெண்ட்ஸ் கொள்முதல்<மாங்காய்> என்று நீங்கள் எழுதிய வரி, கம்பைல் ஆன கிளாஸ் கோப்பில் சிக்னேச்சர் என்ற குறிப்பாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது. நம்பாதவர்கள் ஜாவா உருவாக்கத் தொகுப்பான ஜேடிகேயுடன் வரும் ஜாவாபி கருவியை, விவரமாகக் காட்டச் சொல்லும் வி என்ற விருப்பத்தோடு அந்தக் கோப்பின் மேல் ஓட்டிப் பாருங்கள். கடைசிப் பகுதியில் சிக்னேச்சர் என்று ஒரு வரி வரும். அதில் கொள்முதல், கோணல் அடைப்பு, மாங்காய் என்று பெயர்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் எல் என்ற எழுத்தும் பின்னால் அரைப்புள்ளியும் ஒட்டிக்கொண்டிருக்கும். ரிஃப்ளெக்ஷன் படிப்பது இந்த வரியைத்தான்.

மண்டியில் ரகத்தின் பெயர் சீட்டில்தான் இருக்கும், கிரேட்டில் இருக்காது. கிரேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பயனில்லை. சீட்டு எங்கே என்று கேட்க வேண்டும். கிளாஸ், ஃபீல்டு, மெத்தட் ஆகியவற்றின் அறிவிப்புகள்தான் ஜாவாவில் சீட்டு. நிரல் எழுதியவர் அவற்றில் எதிலாவது டைப்பை எழுதிவைத்திருந்தால் ரிஃப்ளெக்ஷன் படித்துக் காட்டும். எழுதாமல் விட்டதை அதனால் ஊகிக்க முடியாது.


சரி, படிக்கும் முறை என்ன?

மாங்காய்க்கொள்முதல் கிளாஸிடம் கெட்சூப்பர்கிளாஸ் என்று கேட்டால் வெறும் கொள்முதல் என்று பதில் வரும். கெட்ஜெனரிக்சூப்பர்கிளாஸ் என்று கேட்க வேண்டும். அது திருப்பித் தருவது டைப் என்ற பொதுவான ஒன்று. நம் நேரம் நன்றாக இருந்தால் அது பாராமீட்டரைஸ்டுடைப் ஆக இருக்கும். அதனிடம் கெட்ஆக்சுவல்டைப்ஆர்க்யுமென்ட்ஸ் கேட்டால் ஓர் அர்ரே வரும். அதன் முதல் இடத்தில் மாங்காய் இருக்கும்.

இந்த மூன்றையும் ஒரே வரியில் கோத்து, நடுவில் இரண்டு காஸ்ட் (இதை இந்த டைப்பாக எடுத்துக்கொள் என்ற கட்டளை) போட்டு எழுதிய துணுக்கு ஒன்று இணையம் முழுக்கச் சுற்றுகிறது. டேட்டாபேஸ் அடுக்குக்காகப் பொதுவான தாய் கிளாஸ் எழுதுகிற யாரும் அதை ஒரு முறையாவது ஒட்டியிருப்பார்கள். கல்லூரி ஆய்வகத்தில் அது ஒழுங்காக ஓடும். வேலையிடத்தில் உடையும். அடுத்த கேள்வி அதைப் பற்றியது.


அந்த ஒற்றை வரி கிளாஸ்காஸ்ட் எக்ஸப்ஷன், அதாவது காஸ்ட் பொருந்தாத பிழை, தருகிறது. நேற்று வரை ஓடியதே?

நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் யாரோ பரம்பரையில் ஒரு படி சேர்த்திருக்கிறார்கள். அந்த ஒற்றை வரி இரண்டு விஷயங்களைக் கேட்காமலே நம்பிக்கொள்கிறது: ஜெனரிக் தாய் எனக்கு நேர் மேலே இருக்கிறாள் என்பது ஒன்று, கோணல் அடைப்புக்குள் இருப்பது சாதாரணக் கிளாஸ் என்பது இன்னொன்று. இரண்டும் பொய்க்கலாம், மூன்று விதமாக.

முதல் வகை, பிராக்ஸி. ஸ்பிரிங் போன்ற கட்டமைப்புகள் டிரான்சாக்ஷன் வசதிக்காக உங்கள் மாங்காய்க்கொள்முதலுக்கு ஒரு பிள்ளை கிளாஸைத் தாமே ஓடும்போது உருவாக்கி, அதன் ஆப்ஜெக்ட்டை உங்கள் கையில் கொடுக்கும். அதனிடம் தாய் யார் என்று கேட்டால் மாங்காய்க்கொள்முதல் என்கிறது. அது கோணல் அடைப்பு இல்லாத சாதாரணக் கிளாஸ். பாராமீட்டரைஸ்டுடைப் ஆக காஸ்ட் செய்தால் உடையத்தானே செய்யும். டைப்பைப் படிக்கும் வரியில் ஓர் எழுத்துகூட மாறாமல், மெத்தட் தலையில் ஓர் அனோட்டேஷன் (@ குறியோடு எழுதும் குறிப்பு) சேர்ந்ததாலேயே இது நடக்கும். அதனால்தான் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கிறது. பிழைச் செய்தியில் வரும் கிளாஸ் பெயரில் இரட்டை டாலர் குறி, நீங்கள் வைக்காத வால் என்று ஏதாவது தெரிந்தால் உடனே பிராக்ஸியைச் சந்தேகியுங்கள்.

இரண்டாவது, நடுவில் இன்னொரு ஜெனரிக் கிளாஸ். மாங்காய், கொய்யா இரண்டுக்கும் பொதுவாகப் பழக்கொள்முதல்<ப> என்று ஒன்றை எழுதி, அது கொள்முதல்<ப> என்பதை நீட்டிக்கிறது என்று வையுங்கள். மாங்காய்க்கொள்முதல் இப்போது பழக்கொள்முதல்<மாங்காய்> என்பதன் பிள்ளை. பிள்ளையிடம் கேட்டால் மாங்காய் கிடைக்கும். ஆனால் அது பழக்கொள்முதலின் ப. நமக்கு வேண்டியது கொள்முதலின் ச. பழக்கொள்முதலிடம் கேட்டால் கொள்முதல்<ப> என்று டைப்வேரியபிள் ஒன்றைத் தருகிறது. அதைக் கிளாஸாக காஸ்ட் செய்ய முடியாது. எனவே ஏறும்போதே ஓர் அட்டவணை வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு படியிலும் அந்தக் கிளாஸின் கெட்டைப்பாராமீட்டர்ஸ் தரும் பெயர்களை, கீழிருந்து வந்த உண்மை டைப்புகளோடு இடவரிசைப்படி ஜோடி சேர்த்து ஒரு மேப்பில் போடுங்கள். மேலே போய் ப என்று ஒன்றைச் சந்தித்தால் மேப்பில் தேடினால் மாங்காய் கிடைக்கும். கொள்முதல் வந்ததும் நின்றுகொள்ளலாம்.

மூன்றாவது, சரக்கே ஜெனரிக்காக இருப்பது. ஒரு லாரியில் வந்ததை மொத்தமாக விலை போட கொள்முதல்<லிஸ்ட்<மாங்காய்>> என்று யாராவது எழுதுவார்கள். அப்போது அர்ரேயின் முதல் இடத்தில் இருப்பது கிளாஸ் அல்ல, இன்னொரு பாராமீட்டரைஸ்டுடைப். அதனிடம் கெட்ராடைப் கேட்டு லிஸ்ட் என்பதை எடுத்து, உள்ளே மறுபடி இறங்க வேண்டும்.

இவற்றை நீங்களே எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. எழுதிப் பார்த்த பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஸ்பிரிங்கில் இருந்தால் ரிசால்வபிள்டைப் அல்லது ஜெனரிக்டைப்ரிசால்வர், கூகுளின் குவாவா நூலகம் இருந்தால் அதன் டைப்டோக்கன் என்று ஏற்கெனவே அடிபட்டுத் தேறியதைப் பயன்படுத்துங்கள்.


அப்ஸ்ட்ராக்ட் கிளாஸை ரிஃப்ளெக்ஷன் மூலம் உருவாக்கிவிடலாமா? வளாக நேர்முகத்தில் கேட்டார்கள்.

முடியாது. அப்ஸ்ட்ராக்ட் கிளாஸுக்கும் கன்ஸ்ட்ரக்டர் உண்டு, கெட்டிக்ளேர்டுகன்ஸ்ட்ரக்டர்ஸ் அதைக் காட்டவும் செய்யும். நியூஇன்ஸ்டன்ஸ் என்று அழைத்த நொடியில் இன்ஸ்டன்ஷியேஷன் எக்ஸப்ஷன் வரும். சி ஷார்ப்பில் ஆக்டிவேட்டர் வழியாக முயன்றால் மிஸ்ஸிங்மெத்தட் எக்ஸப்ஷன் வரும். பெயரைப் பார்த்து ஏதோ மெத்தட் காணவில்லை என்று தேடி அலையாதீர்கள், செய்தியைப் படித்தால் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸை உருவாக்க முடியாது என்றுதான் இருக்கும்.

துணைக் கேள்வியாக, அப்படியானால் மாக்கிட்டோ போன்ற சோதனைக் கருவிகள் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸுக்கு எப்படி ஆப்ஜெக்ட் தருகின்றன என்று கேட்பார்கள். ஓடும்போதே ஒரு பிள்ளை கிளாஸை எழுதி, அதைத்தான் உருவாக்குகின்றன.

ஜாவாவில் கிளாஸ் மேலேயே நேரடியாக நியூஇன்ஸ்டன்ஸ் அழைக்கும் பழைய வழி 9ஆம் பதிப்பிலிருந்து கைவிடத்தக்கது என்று குறிக்கப்பட்டிருக்கிறது. கன்ஸ்ட்ரக்டரை வாங்கி அதன் மேல் அழையுங்கள். உள்ளே ஏதாவது வெடித்தால் இன்வொகேஷன்டார்கெட் எக்ஸப்ஷன் என்ற உறைக்குள் வரும். கெட்காஸ் கேட்டு உறையைப் பிரித்துப் பார்த்தால்தான் உண்மைக் காரணம் தெரியும்.


ஜேசன் தரவைப் படிக்கும் ஜாக்சன் நூலகத்தில் டைப்ரெஃபரன்ஸ் எழுதும்போது கடைசியில் வெற்று மீசை அடைப்பு {} போடச் சொல்கிறார்கள். எதற்கு?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். டைப்ரெஃபரன்ஸ் என்பது ஒரு ஜெனரிக் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ். அதை நேரடியாக உருவாக்க முடியாது. அந்த வெற்று அடைப்பைப் போட்டவுடன், நீங்கள் பெயரில்லாத ஒரு பிள்ளை கிளாஸை அங்கேயே அறிவித்துவிடுகிறீர்கள். பிள்ளை கிளாஸ் பிறந்தால் அதற்கு ஒரு கிளாஸ் கோப்பு. கோப்பு இருந்தால் அதில் சிக்னேச்சர் வரி. அந்த வரியில் லிஸ்ட்<மாங்காய்> என்று முழுதாக எழுதப்பட்டிருக்கும். தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் அதைப் படித்து வைத்துக்கொள்கிறது. ஆப்ஜெக்ட்டில் அழிந்துபோகிற தகவலைக் காப்பாற்ற, அதைக் கொண்டுபோய் ஓர் அறிவிப்புக்குள் ஒளித்துவைக்கும் தந்திரம். நீல் காஃப்டர் 2006இல் இதற்கு சூப்பர் டைப் டோக்கன் என்று பெயர் வைத்து எழுதினார். ஜாக்சன் போன்ற இன்னொரு நூலகமான ஜிசானின் டைப்டோக்கனும் இதே வழியில்தான் செல்கிறது.

வகுப்பில் அப்ஸ்ட்ராக்ட் என்பதன் பயன், பிள்ளையை ஒரு மெத்தட்டை எழுத வைப்பது என்று சொல்லித் தருகிறார்கள். இங்கே எழுத வேண்டிய மெத்தட் எதுவும் இல்லை. பிள்ளை பிறந்தே ஆக வேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு கிளாஸ் அப்ஸ்ட்ராக்டாக இருக்கிறது.

இதே தந்திரத்தை லாம்டாவில் (பெயரில்லாமல் சுருக்கமாக எழுதும் ஃபங்ஷனில்) எதிர்பார்க்காதீர்கள். லாம்டாவுக்கு அப்படிப்பட்ட கிளாஸ் கோப்போ சிக்னேச்சர் வரியோ கிடையாது. பெயரில்லாக் கிளாஸாக இருந்ததை எடிட்டர் சொன்னதென்று லாம்டாவாகச் சுருக்கி, டைப் காணாமல் போய்த் திகைப்பவர்கள் உண்டு. நல்ல வேளையாக அப்ஸ்ட்ராக்ட் கிளாஸை லாம்டாவாக எழுத முடியாது, இன்டர்ஃபேஸை மட்டுமே முடியும். ஆகவே நம் கொள்முதலுக்கு இந்த ஆபத்து இல்லை.


கெட்டிக்ளேர்டுமெத்தட்ஸ் கேட்டால் விலை என்ற மெத்தட் இரண்டு முறை வருகிறது. நான் ஒன்றுதானே எழுதினேன்?

இன்னொன்றை எழுதியது கம்பைலர். தாய் கிளாஸில் ச அழிந்த பிறகு விலை மெத்தட் ஆப்ஜெக்ட் என்ற பொது டைப்பை வாங்குவதாக நிற்கிறது. பிள்ளையில் நீங்கள் எழுதியது மாங்காயை வாங்குவது. இரண்டும் பொருந்தாது, பொருந்தாவிட்டால் ஓவர்ரைடு ஆகாது. எனவே பிள்ளைக்குள் ஆப்ஜெக்ட்டை வாங்கும் விலை ஒன்றைக் கம்பைலர் சேர்த்து, அதற்குள் மாங்காயாக காஸ்ட் செய்து உங்கள் மெத்தட்டுக்கு அனுப்புகிறது. இதுதான் பிரிட்ஜ் மெத்தட். இஸ்பிரிட்ஜ் என்று கேட்டு வடிகட்டிவிடுங்கள். மெத்தட் ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு மெனு உருவாக்குகிற நிரலில் இந்த வடிகட்டல் இல்லாவிட்டால் திரையில் “விலை” என்ற பொத்தான் இரண்டு தெரியும்.

இன்னொரு விளைவும் உண்டு. தாய் கிளாஸில் மாங்காய் வாங்கும் விலையைத் தேடினால் நோசச்மெத்தட் எக்ஸப்ஷன் வரும். அங்கே இருப்பது ஆப்ஜெக்ட் வாங்குவது மட்டுமே. அதை எடுத்து, மாங்காய்க்கொள்முதல் ஆப்ஜெக்ட்டின் மேல் இன்வோக் செய்தால் சரியாகப் பிள்ளையின் விலையே ஓடும். ஆனால் அதற்குள் புளியை அனுப்பினால் கம்பைலர் தடுக்காது. பிரிட்ஜுக்குள் இருக்கும் காஸ்ட் உடைந்து, உறைக்குள் கிளாஸ்காஸ்ட் எக்ஸப்ஷன் வரும். ஜெனரிக் போட்டது எதைத் தடுப்பதற்காகவோ, அந்தக் காவலை ரிஃப்ளெக்ஷனில் நீங்களே பின்வாசல் வழியாகத் தாண்டிவிட்டீர்கள். இன்வோக் செய்வதற்கு முன்னால் சரக்கின் டைப்பை இஸ்இன்ஸ்டன்ஸ் கேட்டுச் சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு.


சி ஷார்ப்பில் இவ்வளவு தொல்லை இல்லை என்கிறார்களே?

பெரும்பகுதி உண்மை. சி ஷார்ப்புக்கு ஜெனரிக் 2005இல் 2.0 பதிப்பில் வந்தது. மைக்ரோசாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் டான் சைம், ஆண்ட்ரூ கென்னடி இருவரும் வடிவமைத்தது. அவர்கள் இயங்குதளத்தையே மாற்றினார்கள். அங்கே லிஸ்ட்<மாங்காய்>, லிஸ்ட்<புளி> இரண்டும் ஓடும்போதும் வெவ்வேறு டைப்புகள். தாய் கிளாஸுக்குள் டைப்ஆஃப்(ச) என்று எழுதினால் நேரடியாக மாங்காய் வந்துவிடும். பரம்பரை ஏற வேண்டியதே இல்லை. ஸ்டாட்டிக் ஃபீல்டுகூட (ஆப்ஜெக்ட்டுக்கு அல்ல, கிளாஸுக்கே உரியது) கொள்முதல்<மாங்காய்>க்கு ஒன்று, கொள்முதல்<புளி>க்கு இன்னொன்று என்று தனித்தனி. ஜாவாவில் எல்லாருக்கும் சேர்த்து ஒன்றே. சீட்டு எண்ணை ஸ்டாட்டிக்காக வைத்தவர்கள் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இதைக் கவனிக்க வேண்டும்: ஜாவாவில் ஒரே வரிசையில் போன எண்கள் சி ஷார்ப்பில் சரக்குக்கு ஒரு வரிசையாகப் பிரிந்துவிடும்.

ஆனால் ஒரு பொறி உண்டு. மாங்காய்க்கொள்முதல் கொள்முதலின் பிள்ளையா என்று அறிய, அடைப்புக்குள் எதுவும் இல்லாத கொள்முதல்<> என்பதைக் கொடுத்து இஸ்சப்கிளாஸ்ஆஃப் கேட்பார்கள். ஃபால்ஸ் வரும். அதன் தாய் கொள்முதல்<மாங்காய்>. கொள்முதல்<> என்பது வார்ப்பு மட்டுமே, யாருக்கும் தாயல்ல. பேஸ்டைப் வழியாக ஒவ்வொரு படியாக ஏறி, அது ஜெனரிக்கா என்று பார்த்து, ஆம் என்றால் கெட்ஜெனரிக்டைப்டெஃபனிஷன் எடுத்து கொள்முதல்<> உடன் ஒப்பிட வேண்டும். பொருந்தியதும் கெட்ஜெனரிக்ஆர்க்யுமென்ட்ஸ் கேட்டால் மாங்காய் கிடைக்கும்.

வார்ப்பிலிருந்து உண்மை டைப்பை உருவாக்க மேக்ஜெனரிக்டைப் இருக்கிறது. நீங்கள் போட்ட நிபந்தனைக்குப் பொருந்தாத டைப்பைக் கொடுத்தால் ஆர்க்யுமென்ட் எக்ஸப்ஷன் வரும். அதை அழைக்காமல் வார்ப்பிலேயே மெத்தட்டை இன்வோக் செய்தால் இன்வேலிட்ஆபரேஷன் எக்ஸப்ஷன் வரும். பெயரை அச்சிட்டால் கொள்முதல்`1 என்று வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம்; அந்தச் சாய்ந்த குறியும் எண்ணும் எத்தனை டைப் வேண்டும் என்பதைக் குறிக்கின்றன.

இன்னொன்று: சி ஷார்ப்பில் ஸ்டாட்டிக் கிளாஸும் ரிஃப்ளெக்ஷனின் கண்ணுக்கு அப்ஸ்ட்ராக்ட்தான், கூடவே சீல்டு, அதாவது பிள்ளை பிறக்க முடியாதது. அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ்களை மட்டும் பட்டியலிடும்போது உதவிக் கிளாஸ்கள் எல்லாம் வந்து நின்றால் காரணம் இதுவே.


தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரிலேயே சரக்கின் டைப்பைக் கண்டுபிடித்து வைக்கலாமா?

வைக்கலாம், அதுதான் சரியான இடம். தாயின் கன்ஸ்ட்ரக்டர் ஓடும்போதும் கெட்கிளாஸ் பிள்ளையின் பெயரைத்தான் தரும். டைப் கிடைக்கவில்லை என்றால் அங்கேயே, எந்தப் பிள்ளை, என்ன எதிர்பார்க்கப்பட்டது என்று தெளிவான செய்தியோடு எக்ஸப்ஷன் வீசிவிடுங்கள். மாங்காய்ப் பருவத்தின் நடுவில், லாரிகள் எடைமேடையில் வரிசைகட்டி நிற்கும்போது உடைவதைவிட, காலையில் மென்பொருளைத் திறக்கும்போதே உடைவது எவ்வளவோ மேல்.

அதே இடத்தில் அப்ஸ்ட்ராக்ட் மெத்தட்டை அழைக்காதீர்கள். ஜாவாவில் பிள்ளையின் ஃபீல்டுகளுக்கு அப்போது இன்னும் மதிப்பு வந்திருக்காது. கழிவு விகிதம் பூஜ்யமாக இருந்து, விலை கூடுதலாக வரும், பிழையும் காட்டாது. சி ஷார்ப்பில் ஃபீல்டின் தொடக்க மதிப்புகள் தாயின் கன்ஸ்ட்ரக்டருக்கு முன்பே வந்துவிடும்; ஆனால் பிள்ளையின் கன்ஸ்ட்ரக்டருக்குள் கொடுப்பவை வந்திருக்காது.


எல்லாப் பிள்ளை கிளாஸ்களையும் தேடிப் பிடிப்பது எப்படி?

சி ஷார்ப்பில் கம்பைல் ஆன கோப்பான அசெம்பிளியிடம் கெட்டைப்ஸ் கேட்டு, அப்ஸ்ட்ராக்டாக உள்ளதை நீக்கி, மேலே சொன்னபடி ஏறிப் பாருங்கள்.

ஜாவாவில் “உன் பிள்ளைகள் யார்?” என்று தாயிடம் கேட்கும் வழி நெடுங்காலம் இல்லை, பிள்ளைக்குத் தாயைத் தெரியும், தாய்க்குப் பிள்ளையைத் தெரியாது. கிளாஸ்பாத் (ஜாவா தன் கிளாஸ்களைத் தேடும் இடங்கள்) முழுவதையும் துழாவும் கிளாஸ்கிராஃப் போன்ற நூலகங்கள், அல்லது ஸ்பிரிங்கின் ஸ்கேன் வசதி, இவைதான் வழி. சின்ன மென்பொருளுக்கு நான் பரிந்துரைப்பது ஜாவாவிலேயே உள்ள சர்வீஸ்லோடர். ஒரு கோப்பில் பிள்ளை கிளாஸ்களின் பெயரை வரிக்கு ஒன்றாக எழுதிவைத்தால் அதுவே உருவாக்கித் தரும். ராகியைச் சேர்க்க ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டும், அவ்வளவுதான்.

ஜாவா 17இல், அதாவது 2021இல், நிலைபெற்ற சீல்டு கிளாஸ் (இங்கே, பெயர் சொன்ன பிள்ளைகளை மட்டும் அனுமதிப்பது) ஒரு புதிய கதவைத் திறந்தது. கொள்முதலை சீல்டு அப்ஸ்ட்ராக்ட் என்று அறிவித்து, யார் யார் பிள்ளைகள் என்று பெயர் சொல்லிவிட்டால், கெட்பர்மிட்டெட்சப்கிளாஸஸ் அவர்களைப் பட்டியலிடும். நேர்ப் பிள்ளைகள் மட்டும். பேரப்பிள்ளைகளுக்கு நீங்கள்தான் இறங்கிப் போக வேண்டும். சரக்கு வகைகள் நிலையாக இருக்கும் மென்பொருளுக்கு இது பொருந்தும், அடிக்கடி புதியது சேரும் இடத்துக்குப் பொருந்தாது.


ரிஃப்ளெக்ஷன் மெதுவானதாமே?

நேரடி அழைப்பைவிட மெதுவானதுதான். ஜாவா 18இல் உள் இயந்திரத்தையே மெத்தட்ஹேண்டில் அடிப்படையில் மாற்றி எழுதினார்கள். ஆனால் நம் வேலைக்கு இந்தக் கவலை வீண். மென்பொருள் திறக்கும்போது ஒரு முறை டைப்புகளைக் கண்டுபிடித்து, சரக்கின் கிளாஸ் சாவியாகவும் கொள்முதல் ஆப்ஜெக்ட் மதிப்பாகவும் ஒரு ஹாஷ்மேப்பில் போட்டுவிட்டால், பிறகு ரிஃப்ளெக்ஷனே இல்லை. ஒவ்வொரு எடைச் சீட்டுக்கும் பரம்பரை ஏறுகிற நிரலை எழுதிவிட்டு மொழியைக் குறை சொல்லக் கூடாது.


பிரைவேட் ஃபீல்டைத் தொட செட்ஆக்சஸிபிள் போட்டால் இப்போது பிழை வருகிறதே?

உங்கள் சொந்த நிரலில் வராது. ஜாவாவின் உள் கிளாஸ்களைத் தொட்டால் வரும். 9ஆம் பதிப்பில் உள் பேக்கேஜ்களைப் பூட்டிவைக்க உதவும் மாட்யூல் வந்தது, 16இல் பூட்டு இயல்பானது, 17இல் அதைத் தளர்த்தும் பொது விருப்பமும் நீக்கப்பட்டது. தேவையான பேக்கேஜை மட்டும் ஆட்ஓப்பன்ஸ் மூலம் திறக்கலாம். தேவைதானா என்று முதலில் யோசியுங்கள்.


பைதானில்?

அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் நிரப்பப்படாத கிளாஸை உருவாக்கினால் டைப்எரர் வரும். கோணல் அடைப்புக்குப் பதில் சதுர அடைப்பு. அதில் எழுதியதை 3.7 பதிப்பிலிருந்து ஒரிஜ்பேசஸ் என்ற பண்பில் பார்க்கலாம். பிள்ளை பிறக்கும் கணத்திலேயே தாய்க்குத் தகவல் சொல்லும் இனிட்சப்கிளாஸ் என்ற வசதி 3.6 முதல் இருப்பதால், பிள்ளைகளைத் தேடி அலையும் வேலையே அங்கு இல்லை.


இவ்வளவும் வேண்டுமா? இறுதியாண்டு புராஜெக்டில் இதைச் செய்யலாமா?

பெரும்பாலும் வேண்டாம். தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் கிளாஸ்<ச> என்று ஒரு பாராமீட்டரை வாங்கட்டும். பிள்ளை சூப்பரை (தாயின் கன்ஸ்ட்ரக்டரை) அழைக்கும்போது மாங்காயின் கிளாஸைக் கொடுக்கட்டும். பிராக்ஸி வந்தாலும், நடுவில் நான்கு படி சேர்ந்தாலும் இது உடையாது, புதிதாகச் சேர்பவர் படித்தவுடன் புரிந்துகொள்வார். மாங்காயை எழுதும் இடம் இரண்டாகிறது, அழகில்லை என்பார்கள். ஒரு சொல்லை மிச்சம் பிடிக்க, பரம்பரை ஏறும் நாற்பது வரி நிரலைச் சுமப்பது எந்த ஊர்க் கணக்கு? புதிய ச ஒன்றை உருவாக்கத்தான் டைப் வேண்டும் என்றால் கிளாஸுக்குப் பதில் சப்ளையர் (கேட்டால் புதியதை உருவாக்கித் தருவது) ஒன்றை வாங்குங்கள். கன்ஸ்ட்ரக்டர் தவறாக இருந்தால் கம்பைலரே சொல்லிவிடும்.

பிள்ளை கிளாஸ்களை எழுதப்போவது நீங்கள் அல்ல, முகம் தெரியாத வேறு யாரோ என்றால் கதை மாறுகிறது. நூலகம் எழுதுகிறவர்களுக்கும், செருகுநிரல்களை ஏற்கும் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் ரிஃப்ளெக்ஷன் தேவை. ஜாக்சனும் ஸ்பிரிங்கும் அப்படித்தான் வாழ்கின்றன. புராஜெக்டில் செய்ய ஆசை என்றால் தாராளமாகச் செய்யுங்கள். வைவாவில் பிராக்ஸி பற்றியும் பிரிட்ஜ் பற்றியும் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.


கணினியில் ஓடியது, கிரால்விஎம் நேட்டிவ் இமேஜ் ஆக்கியதும் கிளாஸைக் காணவில்லை என்கிறது.

நேட்டிவ் இமேஜ், அதாவது ஜாவா நிறுவாமலே நேரடியாக ஓடும் கோப்பு, கட்டும்போது, எந்தக் கிளாஸ் எங்கே பயன்படுகிறது என்று முன்கூட்டியே ஆராய்ந்து, பயன்படாததை உதிர்த்துவிடுகிறார்கள். ரிஃப்ளெக்ஷன் வழியாக மட்டும் அழைக்கப்படும் புளிக்கொள்முதல் அந்த ஆராய்ச்சியின் கண்ணில் படாது. ரிஃப்ளெக்ஷனுக்கான அமைப்புக் கோப்பில் அதன் பெயரை எழுதிவையுங்கள். கையால் எழுதச் சலிப்பாக இருந்தால், சாதாரண ஜாவாவில் ஓடும்போதே கவனித்துப் பட்டியல் எழுதித் தரும் ஏஜென்ட் ஒன்று கிரால்விஎம்மோடு வருகிறது. அதை ஓட்டும்போது மூன்று சரக்குக்கும் ஒவ்வொரு சீட்டாவது போட்டுப் பாருங்கள். ஓட்டத்தில் தொடாத சரக்கு பட்டியலில் வராது. சி ஷார்ப்பின் நேட்டிவ் ஏஓடியிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே மேக்ஜெனரிக்டைப் அழைக்கும் வரியில் கம்பைல் நேரத்திலேயே எச்சரிக்கை வரும்; அதை வாயடைத்துவிடாமல் படியுங்கள்.